பிழையாகச் சொல்கிறவர்

அவர் என்னிடம் முதன்முதலாகச் சொன்னதே ஒரு தவறான தகவல். நார்வேயில் ஒஸ்லோவுக்குப் பக்கத்திலுள்ள லோறென்ஸ்கூக்கில் நாங்கள் வாடகைக்கு வந்த வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. குப்பைத் தொட்டிகளுக்கு முன்னால் நின்று எதை எதில் போடுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம்," என்றார்.

"இல்லைங்க, மாயவரம்."

"ஓ, மாயவரம். அங்கை காவேரி ஊருக்குள்ளை வராது, தள்ளித்தான் ஓடுது."

"ஊருக்குள்ளயேதாங்க ஓடுது. எங்க வீட்டுக் கொல்லைல நின்னா படித்துறை தெரியும்."

அவ்வளவுதான். அப்பா கடை வைத்திருப்பது, தம்பி சிங்கப்பூரில் இருப்பது, கணவருக்கு எந்த அலுவலகம், எனக்கு இங்கே வேலை கிடைக்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்து பைத்தியம் பிடிப்பது எல்லாவற்றையும் குப்பைத் தொட்டிப் பக்கத்திலேயே ஒப்பித்துவிட்டேன். வீட்டுக்குள் வந்ததும் கணவர் கேட்டார், "யாரு அவரு? என்ன பண்றாரு?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெயர்கூடத் தெரியாது.

அவர் யாரையும் எதையும் கேட்க மாட்டார் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. கேட்பதற்குப் பதிலாக எதையாவது பிழையாகச் சொல்வார். எதிரில் இருப்பவர் பொறுக்க முடியாமல் திருத்துவார். திருத்துகிறவர் திருத்துவதோடு நிறுத்துவதில்லை என்பதுதான் அவர் கண்டுபிடித்த விஷயம். அவரைப் போன்ற யாழ்ப்பாணத்தாரிடம் இது இன்னும் நன்றாக வேலை செய்தது. ஒருவருடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தைச் சந்திக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட எச்சில் கையோடு மேசையில் வரைபடம் போட்டுக் காட்டிவிடுவார்கள். கடைசியில் தங்கள் வீட்டில் யாருக்கும் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை வந்துவிடும்.

நார்வேக்காரர்களும் தப்பவில்லை. பனி உருகியதும் குடியிருப்பில் எல்லோரும் ஒரு நாள் கூடிச் சருகு வாருவோம். டுக்னாட் என்று பெயர். வரவில்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வருடம் முழுக்க ஞாபகம் வைத்திருப்பார்கள். ஒரு வருடம் பொதுவில் வாங்கிய பனி தள்ளும் இயந்திரம் உடைந்து கிடந்தது. யார் உடைத்தது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. இவர் அங்கே சுட்டுக் கொடுக்கும் வாஃபிள் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய கல் ஒன்று சிக்கித்தான் உடைந்திருக்கிறது, பாவம் யாரோ என்று பொதுவாகச் சொன்னார். கடைசி வீட்டுக்காரர், "கல் இல்லை, செய்தித்தாள் கட்டு" என்று திருத்தினார். திருத்திய பிறகு அவருடைய காது இரண்டும் சிவந்ததை நான் பார்த்தேன். அந்த மனுஷனை இவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு வாஃபிள் எடுத்துக் கொடுத்தார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு இந்த வித்தை பழகிப்போயிருந்தது. "இவர் என்னத்தையாவது பிழையாச் சொன்னா நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு என்ரை வேலையைப் பாப்பன். பிறகு அவர் பாடு," என்பார். அப்போது நாங்கள் இருவரும் சிரித்திருக்கிறோம்.

லில்லெஸ்ட்ரோமில் ஒரு மழலையர் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்த பிறகு காலையில் அவருடைய காரில்தான் போவேன். அவர் அதே ஊரில் மேல்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியர். இளம் வயதில் அகதியாக வந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, தாமதமாகப் பல்கலைக்கழகம் போனவர். எலிசபெத் காலத்து இங்கிலாந்துதான் அவருடைய ஆய்வு. ராணியைக் கொல்லச் சதி செய்வதாகச் சந்தேகிக்கப்பட்ட வெளிநாட்டவர்களை அன்றைக்கு எப்படி வேவு பார்த்தார்கள், பிடித்த பிறகு எப்படி விசாரித்தார்கள் என்பது விஷயம். நார்வேஜிய மொழியில் எழுதி, பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டு, பிறகு யாரும் படிக்காமல் கிடந்தது. அதனால் எனக்குக் காரில் கிடைத்தது.

"துறைமுகத்திலை இறங்கிற ஒவ்வொருத்தனையும் பாக்கிறதுக்கு ஆள் இருந்தது, பிள்ளை. சத்திரக்காரன் வேவு பாக்கிறவையின்ரை ஆள். தூதுவர் வீட்டுச் சமையல்காரனும் இவையளின்ரை ஆள். கடிதத்தை உடைச்சு வாசிச்சுப்போட்டு, முத்திரையை முந்தி இருந்த மாதிரியே ஒட்டி அனுப்புறதுக்கு ஒரு தனி ஆள்."

"அடிக்க மாட்டாங்களாண்ணா?"

"கட்டி இழுக்கிற மரச்சட்டம் ஒண்டு இருந்தது. என்ரை வகுப்பிலை எல்லாப் பிள்ளையளும் அதைத்தான் கேக்குதுகள். ஆனா கெட்டிக்காரர் அதுக்குக் கிட்டவும் போகேல்லை. தானும் ஒரு கைதி மாதிரி உள்ளை போய் இருந்து, வைனும் ஊத்திக் குடுத்து, நீ பிரான்ஸ் பக்கத்தாலை வந்தனீ எண்டு சும்மா சொல்லுறது. அவன், இல்லையில்லை, நான் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தாலை வந்தனான் எண்டுவான். அது காணும், மிச்சத்தை அவனே சொல்லுவான்."

இது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லும்போது ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் வாகன நெரிசலில் நாங்கள் நின்றுகொண்டிருப்பதே மறந்துவிடும். அவருக்கு அந்தப் பழைய விசாரணைக்காரர்களைப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களில் அடிக்காமல் காரியம் பார்த்தவர்கள் மேல் ஒரு மரியாதை இருந்தது.

அதற்குக் காரணம் ஒரு நாள் அவராகவே சொன்னார். "நான் இஞ்சை வந்த நேரம் என்னை ஒரு நாள் முழுக்க இருத்தி வைச்சுக் கேள்வி கேட்டவை. மரியாதையாத்தான் கேட்டவை. தண்ணியும் தந்தவை. எண்டாலும் ஒவ்வொரு கேள்விக்கும் நான் கதவைத்தான் பாத்தனான். அண்டைக்கு நினைச்சனான், நான் ஒரு மனுசரையும் இப்பிடி முகத்துக்கு நேரை கேக்கிறேல்லை எண்டு."

ஆக அது அவரைப் பொறுத்தவரை ஒரு கருணை. மற்றவரைச் சங்கடப்படுத்தாமல் அவருடைய கஷ்டத்தைத் தெரிந்துகொள்ளும் வழி. ஒரு முறை, "ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு, இனி ரெண்டு பேருக்கும் சந்தோசம்" என்று அவர் சொல்லப்போய், டிக்கெட் போடவில்லை என்று தொடங்கிய நான், எனக்கும் கணவருக்கும் பத்து நாளாகப் பேச்சு இல்லை என்பதில் கொண்டுபோய் முடித்தேன். அன்று சாயங்காலம் அக்கா ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியோடு வந்து, என் கணவரையும் என்னையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பரிமாறிவிட்டுப் போனார். எனக்கு நன்றியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. என் வீட்டுக் கதவை நானே திறந்துவிட்டிருக்கிறேன், ஆனால் திறந்தது எனக்கே தெரியவில்லை.

சுதன் வந்தது அதற்கடுத்த குளிர்காலத்தில். முப்பது வயது இருக்கும். அகதி முகாமில் இருந்து, தங்கும் அனுமதி கிடைத்து, நடேசன் என்பவர் வீட்டின் அடித்தளத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். நடேசன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்தும் சங்கத்தில் முக்கியமானவர். துப்புரவு நிறுவனமும் வைத்திருந்தார். சுதனுக்கு அறை கொடுத்தவரும் வேலை கொடுத்தவரும் அவர்தான்.

சுதன் யாரோடும் கதைப்பதில்லை. ஊரில் இன்னாரைத் தெரியும் என்று ஒரு பெயர்கூடச் சொன்னதில்லை. தமிழர் கூட்டம் ஒன்றில் கைபேசியில் படம் எடுத்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். போதாதா. அங்கேயிருந்து அரசாங்கத்தால் அனுப்பப்பட்ட ஆள், இங்கே யார் யார் கூட்டத்துக்கு வருகிறார்கள் என்று பார்த்து அனுப்புகிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஊரில் இன்னும் அம்மாவும் தங்கையும் இருக்கிற சனங்களுக்கு இது வெறும் வம்பு இல்லை, நெஞ்சுப் பயம். நடேசனை எல்லோரும் நெருக்கினார்கள். அவனை வீட்டில் வைத்திருக்கிற நீங்கள் யார் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அறை போனால் வேலையும் போகும். அதன் பிறகு ஒஸ்லோவில் தமிழர் யாரும் சுதனுக்குக் கதவு திறக்க மாட்டார்கள்.

நடேசன் எங்கள் அடுத்த வீட்டுக்காரரிடம் வந்தார். நான் அப்போது அக்காவோடு சமையலறையில் இருந்தேன்.

"நீங்கள் ஒருக்கா கதைச்சுப் பாருங்கோ. இதெல்லாம் படிச்சனீங்கள்தானே. அவன் நல்ல ஆள் எண்டு நீங்கள் சொன்னா நான் ஒருத்தற்றை சொல்லும் கேக்க மாட்டன். வாற சனிக்கிழமை சங்கத்திலை சொல்லிப்போடுவன்."

இவர் தயங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் முகத்தில், பல ஆட்டங்கள் வெளியே உட்கார வைக்கப்பட்டுக் கடைசியில் கூப்பிடப்பட்ட ஆட்டக்காரரின் களை வந்துவிட்டது. அதையும் நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சுதனும் நடேசனும் வந்தார்கள். சாதாரண விருந்து மாதிரி இருக்கட்டும் என்று என்னையும் இருக்கச் சொன்னார்கள். சுதன் நெல்லியடிப் பக்கம் என்று மட்டும் தெரியும். நடேசனும் அந்தப் பக்கம்தான். என்ன சொன்னாலும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று இவர் நடேசனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

"நெல்லியடி நல்ல இடம்," என்று தொடங்கினார். "சந்தையிலை நிண்டு பாத்தா கடல் தெரியும்."

எனக்கு அந்த ஊரைத் தெரியாது. நடேசனின் முகம் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அங்கே கடல் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

சுதன் தட்டைப் பார்த்தபடி, "ஓம் அண்ணை," என்று ஆமோதித்தார்.

"பருத்தித்துறை வடையும் அங்கை வாங்கலாம். மெத்தெண்டு பஞ்சு மாதிரி இருக்கும்."

"ஓம் அண்ணை."

அந்த வடை தட்டையாக, கடித்தால் நொறுங்கும்படி இருக்கும் என்பது அக்கா அடிக்கடி செய்து தந்து எனக்கே தெரியும். நடேசன் தண்ணீர் குடித்தார். இவர் இன்னும் இரண்டு மூன்று சொன்னார். பஸ் போகும் வழி, கோயில் திருவிழா நடக்கும் மாதம். எல்லாவற்றுக்கும் ஓம். சோறு இன்னும் போடவா என்றாலும் ஓம். நடேசன் என் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பது போலக் கண்ணைக் காட்டினார். இவருடைய முகத்திலும் அதே முடிவு உட்கார்ந்துவிட்டது. அந்த ஊரில் பிறந்தவன் ஒருவன் இவ்வளவு பிழையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

அந்த நேரம் வெளியே பனி வழிக்கும் வண்டி வந்து, வழியில் நிற்கும் காரை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தது. கார் நடேசனுடையது. அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினார்.

சுதன் நிமிர்ந்து இவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணை, அங்கை கடல் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்."

இவர் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"ஊரிலை என்னைப் பிடிச்சு வைச்சிருந்த இடத்திலை ஒரு ஐயா இருந்தவர். அவர் அடிக்கிறேல்லை. அடிக்கிறவை வேறை ஆக்கள். இவர் தேத்தண்ணி தருவார். தந்துபோட்டுப் பிழை பிழையாச் சொல்லுவார். உங்கடை வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை எண்டார். நான், இல்லை ஐயா, முன்னாலை, நீலக் கேற் போட்ட வீடு எண்டு சொன்னனான். அடுத்த கிழமை என்ரை அண்ணாவை வீட்டிலை வந்து பிடிச்சவங்கள். அண்ணா இன்னும் வரேல்லை."

அக்கா தேநீர்த் தட்டோடு அறை வாசலில் நின்றுவிட்டார்.

"அதுக்குப் பிறகு ஆர் என்ன சொன்னாலும் நான் ஓம் எண்டுதான் சொல்லுறனான்."

நடேசன் சப்பாத்தில் ஒட்டிய பனியை வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. சுதன் மறுபடி தட்டைப் பார்த்தார். தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று மாலையே நடேசன் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டுப் பேசியதால் எனக்கும் கேட்டது. "கடல் எண்டதுக்கே ஓம் எண்டுறான். நெல்லியடியானோ அவன்? மாச முடிவிலை அறையை விட்டு எழும்பச் சொல்லப்போறன்." இவர், "ரெண்டு நாள் பொறுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

"அவர் சொன்னதை அப்படியே சொல்லிடலாமேண்ணா," என்றேன்.

"சொன்னா, நாளைக்கு அந்த நீலக் கேற் ஊர் முழுக்கப் போகும். அது ஊருக்குச் சொன்னதில்லை. என்னை நிப்பாட்டுறதுக்குச் சொன்னது." புத்தக அலமாரிப் பக்கம் திரும்பி, "அடி வாங்கின உடம்பு எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லும், அந்த விசாரணை ஒண்டுக்கும் உதவாது எண்டு என்ரை ஆய்விலை நான் ஒரு அத்தியாயமே எழுதினனான். எழுதினவனுக்கு ஆள் முன்னுக்கு இருக்கேக்கை தெரியேல்லை," என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "நல்லாப் பழக்கி அனுப்பின ஆள் எண்டாலும் இதே கதையைத்தான் சொல்லுவான். அப்பிடியும் என்ரை புத்தி யோசிக்குது. பாருங்கோவன், என்ன புத்தி எண்டு." எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் அவரிடம் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா, சுதனுக்கு என்று ஒரு கனமான ஜாக்கெட்டை எடுத்து வைத்திருந்தார். அதைக் கொடுக்க இவர் போனபோது நானும் கூடப் போனேன். நடேசன் வீட்டு முற்றத்தில் சுதன் பனி அள்ளிக்கொண்டிருந்தார். நடேசன் வாசலில் நின்று, வழுக்காமல் இருக்க உப்புத் தூவிக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டை நான் கொடுத்தேன். இவர் கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு, நான் அறிந்தவரையில் முதல் தடவையாக, ஒரு மனிதரை முகத்துக்கு நேரே கேட்டார்.

"தம்பி, எங்கடை வீட்டிலை மேலை ஒரு அறை சும்மா கிடக்குது. வாடகை ஒண்டும் வேண்டாம். எங்களோடை வந்து இருக்க உமக்கு விருப்பமோ?"

சுதன் மண்வெட்டியைப் பனியில் ஊன்றினார். ஓம் என்று வரப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். அவருடைய வாயும் அதற்குத்தான் திறந்தது போலிருந்தது.

"இல்லை," என்றார்.

நடேசன் உப்புச் சட்டியைக் கீழே வைத்தார். "ஏன் ராசா? நல்ல வீடு. அவர் நல்ல மனுசன்."

"எனக்கு விருப்பமில்லை அண்ணை. உங்களோடை இருக்க எனக்கு விருப்பமில்லை." இரண்டாவதை இவரைப் பார்த்துச் சொன்னார். சொன்ன பிறகும் பார்வையை எடுக்கவில்லை.

இவர் தலையாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி நடேசனைத் தெருப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"எங்கடை வீட்டுக்கு ஊர் முழுக்க வந்து போகுது. ஆர் ஆரைப் பாக்க வேணுமோ அவ்வளவு பேரையும் அங்கை இருந்தே பாக்கலாம். வேவு பாக்க வந்தவன் அந்த அறையை விடுவானே?"

நடேசன் யோசித்தார். அவருக்கு நம்பத்தான் ஆசை, ஒரு காரணம் கிடைக்காமல்தான் தவித்துக்கொண்டிருந்தார் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "அதுவும் சரிதான்," என்றார். சனிக்கிழமை சங்கத்தில் அதையே தன் யோசனை மாதிரிச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பேச்சு அடங்கிவிட்டது. சுதன் அந்த அடித்தள அறையில் நான்கு வருடம் இருந்தார். பிறகு கல்யாணம் செய்து ஸ்ட்ரோம்மனுக்குப் போனார். என்னைக் கடைத்தொகுதியில் பார்த்தால் நின்று கதைப்பார். இவரைப் பார்த்தால் தலையை அசைத்துவிட்டு அடுத்த கடைக்குள் போய்விடுவார். இவர் போன வருடம் இறந்தபோதும் வரவில்லை. வராதது சரி என்றுதான் எனக்குப் பட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது காரில் நான் கேட்டுவிட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"அண்ணா, அறை தர்றேன்னு சொன்னது நிஜமாவா? இல்ல, அதுவும் அவர் வாயைக் கிளறுறதுக்கா?"

சிவப்பு விளக்கில் நின்றோம். "ரெண்டிலை எது எண்டு எனக்கே தெரியேல்லை, பிள்ளை," என்றார். பொய் சொல்கிற குரல் இல்லை.

வீட்டில் அக்கா கதவைத் திறந்து, எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "அவர் வரேல்லை," என்றார் இவர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. அக்கா என் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப் போனார். அந்த அறையில் பல வருடப் புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் அடைந்து கிடக்கும். இப்போது ஒன்றுகூட இல்லை. கட்டிலில் புது விரிப்பு, தலையணை, மடித்து வைத்த துவாய். விடியற்காலையில் இவரே எழுந்து எல்லாவற்றையும் கராஜுக்குத் தூக்கியிருக்கிறார். சுவரோரம் ஹீட்டர் காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. அறை நன்றாகச் சூடேறியிருந்தது.

"ஹீட்டரை அணைச்சு விடுங்கோ," என்றார் இவர் கீழேயிருந்து.